கண்ணுக்கு ஒன்று என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள்

எங்கள் வீட்டில் மூத்தம்மாவின் வெற்றிலைத் தட்டத்தை யாரும் தொட மாட்டோம். தொட்டால் ஏச்சு விழும். ஆனால் ஐந்து வயதுத் தம்பிக்கு ஏச்செல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை காலை. வாப்பா மாத்தளை டவுனில் கடையில் இருந்தார். உம்மா சமையலறையில். நான் டியூஷன் வகுப்பு முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து தம்பி கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தட்டத்தில் இருந்த சுண்ணாம்புப் பொலித்தீன் பையை இரண்டு கையாலும் அமுக்கி விளையாடியிருக்கிறான். பை பக்கவாட்டில் வெடித்து, ஈரச் சுண்ணாம்பு வலது கண்ணுக்குள் பாய்ந்துவிட்டது.

உம்மா ஓடி வந்து ஊதினார். முந்தானையால் துடைத்தார். தம்பி கண்ணைத் திறக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, போய்த் தாய்ப்பால் வாங்கி வா என்று மூத்தம்மா என்னை அனுப்பினார். நான் சிறிய கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த வீட்டு மதிலுக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த மேசன் நானாதான் என்னைப் பார்த்து என்ன விசயம் என்று கேட்டார். சொன்னேன். கரண்டியைப் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடினார்.

"பாலும் வாணாம், ஒண்டும் வாணாம். பைப்பத் தொறங்க மகள்! கண்ணத் தொறந்து புடிங்க!"

தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் தலையைச் சரித்து, இரண்டு விரலால் இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீரை ஓட விட்டார். தம்பி உதைத்தான், கடித்தான். அவர் விடவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் கழுவினார். சுண்ணாம்போடும் சீமெந்தோடும் வேலை செய்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம்தான் காரம் கொழுப்போடு சேர்ந்தால் சவர்க்காரம் உண்டாகும் என்று கொப்பியில் எழுதி, கீழே சிவப்புப் பேனையால் கோடும் போட்டிருந்தேன்.

அன்று பெரியாஸ்பத்திரிக்கும், அங்கிருந்து அம்பியூலன்ஸில் கண்டிக்கும் போனோம். அங்கே ஒரு வைத்தியர் சிங்களத்தில் உம்மாவிடம் ஒரு விசயம் சொன்னார். உம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். "நீங்கள் வீட்டில் கழுவியதால்தான் இந்தக் கண் தப்பியது. சுண்ணாம்பு பட்டவுடனே கழுவியிருந்தால் இந்தத் தழும்பும் வந்திராது." இதுதான் அவர் சொன்னது. நான் முதல் பாதியை மட்டும் உம்மாவுக்குச் சொன்னேன்.

ஊதியதிலும் துடைத்ததிலும் நான் கிண்ணத்தோடு ஓடியதிலும் போனது ஏறக்குறைய பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்குப் பிறகு நான் வாசித்தவற்றையும், வைத்தியர்களிடமும் தாதிமாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும், சகோதரிகளே, பெற்றோரே, உங்களுக்காக இங்கே தருகிறேன்.

சுண்ணாம்பு ஏன் இவ்வளவு கொடியது?

வெற்றிலைச் சுண்ணாம்பு என்பது கல்சியம் ஐதரொட்சைட்டு. அது ஒரு காரம். தூய நீரின் பீ.எச். பெறுமானம் 7. கண்ணீருடையதும் ஏறத்தாழ அதுவே. நிரம்பிய சுண்ணாம்பு நீரின் பெறுமானமோ 12ஐத் தாண்டும்.

அமிலம்தான் ஆபத்து, சுண்ணாம்பு என்ன செய்யும் என்று நாம் நினைக்கிறோம். கண்ணைப் பொறுத்தவரை பெரும்பாலும் காரமே கூடக் கேடு செய்கிறது. அமிலம் பட்டால் மேற்பரப்பில் உள்ள புரதம் திரண்டு கெட்டியாகி, அமிலம் மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படியல்ல. கலங்களின் மென்சவ்வில் உள்ள கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டு உள்ளே உள்ளே போகும். கறுத்த விழிக்கு மேலே கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் விழிவெண்படலத்தின் தடிப்பு நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். அதைக் கடக்கக் காரத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. போதாததற்கு, சுண்ணாம்புத் துகள்கள் இமைக்கு உள்ளே ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும்.

நம் வீடுகளில் சுண்ணாம்பு மட்டுமா இருக்கிறது? சீமெந்து, சுவருக்குப் பூசும் சுண்ணாம்பு, குழாய் அடைப்பு நீக்கும் தூள், கழிப்பறை கழுவும் திராவகம், பெற்றரி அமிலம், தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து. எல்லாவற்றுக்கும் முதல் மருந்து ஒன்றுதான். அது தண்ணீர்.

கழுவும் முறை

ஒரு விநாடியும் தாமதிக்காமல் அந்த இடத்திலேயே கழுவத் தொடங்க வேண்டும். வைத்தியசாலைக்குப் போய்க் கழுவலாம் என்று வாகனம் தேடக் கூடாது. குழாய்த் தண்ணீர், சுத்தமான கிணற்றுத் தண்ணீர், குடிக்க வைத்திருக்கும் தண்ணீர், எது கைக்குக் கிட்டுகிறதோ அது. கொதிக்க வைத்து ஆற வைக்கும் வரை நிற்கக் கூடாது.

பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சரித்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓட வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு நீர் நல்ல கண்ணுக்குள் போய்விடும். இமைகளை விரலால் விரித்துப் பிடிக்க வேண்டும். மேலே, கீழே, இடம், வலம் என்று பார்க்கச் சொல்ல வேண்டும். கொன்டாக்ட் லென்ஸ் போட்டிருந்து இலேசாக வந்தால் எடுத்துவிடலாம். சின்னப் பிள்ளையென்றால் கையையும் சேர்த்து ஒரு துவாயால் சுற்றிப் பிடித்தால் உதைக்காது.

குறைந்தது இருபது நிமிடம். சுண்ணாம்பு, சீமெந்து என்றால் அரை மணித்தியாலம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பிள்ளை அழும்போது இரண்டு நிமிடமும் இருபது நிமிடம் போல் தோன்றும். ஒருவர் கழுவ, இன்னொருவர் அம்பியூலன்ஸுக்கோ முச்சக்கர வண்டிக்கோ சொல்லலாம். போகும் வழியிலும் போத்தல் தண்ணீரால் கழுவிக்கொண்டே போகலாம். காரத்தை முறிக்கிறோம் என்று தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விடவே கூடாது. அது இரண்டாவது காயம்.

கழுவிய பின் வலி குறைந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும். தம்பியின் மேல் இமையை வைத்தியர் வெளிப்பக்கமாக மடித்தபோது, அவ்வளவு கழுவியும் இரண்டு மூன்று வெள்ளைத் துகள்கள் அங்கே ஒட்டியிருந்தன. பஞ்சால் அவற்றை எடுத்தார்கள். பிறகு சிறிய கடதாசித் துண்டு ஒன்றைக் கண்ணோரத்தில் வைத்து நிறம் பார்த்தார்கள். ஆய்வுகூடத்தில் நாம் பார்க்கும் அதே பீ.எச். தாள்தான். நிறம் சரியாகும் வரை சேலைன் நீரால் மறுபடியும் மறுபடியும் கழுவினார்கள்.

மிளகாய்த்தூள் பட்டாலும் இதே கழுவல்தான். அதனால் பெரும்பாலும் நிலையான பாதிப்பு வராது. ஆனால் சில மணித்தியாலம் கழிந்தும் வலியோ மங்கலோ இருந்தால் காட்ட வேண்டும்.

கழுவக் கூடாத காயம்

எல்லாக் கண் காயத்துக்கும் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணைக் குத்திக் கிழிக்கும் காயத்துக்குச் சட்டமே வேறு.

கம்பி, முள், கத்தரிக்கோல், பென்சில் நுனி, கண்ணாடித் துண்டு கண்ணில் குத்தினால் கழுவக் கூடாது. குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. தொடவோ அழுத்தவோ கூடாது. மருந்து எதுவும் விடக் கூடாது. கடதாசிக் கோப்பை ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாமல் எலும்பின் மேல் பதியும்படி மூடி ஒட்டிவிட்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரலாம் என்பதே காரணம்.

காயம் வெளியே தெரியாமலும் இருக்கலாம். புல் வெட்டும் மெஷினில் இருந்து தெறிக்கும் கல், இரும்பில் சுத்தியலால் அடிக்கும்போது பறக்கும் துணுக்கு, இவை கண்ணுக்குள் நுழைந்த துவாரம் ஊசி முனை அளவே இருக்கும். "ஏதோ பட்டது போல இருந்தது, இப்போது பரவாயில்லை" என்று வாப்பாவோ நானாவோ சொன்னாலும் அன்றே காட்ட வேண்டும்.

கிரிக்கட் பந்தோ கெட்டப்போல் கல்லோ கண்ணில் அடித்தால் விழிக்கு உள்ளே இரத்தம் கசியலாம். கறுத்த விழியின் கீழ்ப்பாகத்தில் சிவப்பு மட்டம் கட்டி நிற்பது தெரியும். அதுவும் அவசரம். விரலிடுக்கில் வைத்துச் சிறு கல் எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததையும், அது வேட்டைக்கும் உதவாது, கண்ணைப் பறிக்கும் என்று காரணம் சொன்னதையும் ஹதீஸில் படித்திருக்கிறோம். வீட்டில் கெட்டப்போல் வைத்திருக்கும் தம்பிமாருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கலாம். சித்திரைப் புத்தாண்டுக் காலத்துப் பட்டாசும் அப்படித்தான். வெடிக்காத பட்டாசைக் குனிந்து பார்ப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

காயமில்லாமல் வரும் ஆபத்து

மூத்தம்மாவுக்கு ஒரு ராத்தா இருந்தார். ஓர் இரவு அவருக்கு ஒரு பக்கத் தலைவலி. கண் சிவந்து, நெற்றி வெடிப்பது போல வலித்து, இரண்டு தடவை வாந்தியும் எடுத்தார். குப்பி விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிகிறது என்று சொன்னாராம். பித்தம் என்று நினைத்துத் தைலம் தேய்த்து, கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, காலையில் பார்ப்போம் என்று படுக்க வைத்தார்கள். காலையும் போனது, மறுநாளும் போனது. பிறகு வைத்தியசாலைக்குப் போனபோது அந்தக் கண்ணின் பார்வை திரும்பவில்லை.

இதைக் கேட்ட பிறகு தேடிப் படித்தேன். அந்த அடையாளங்கள் திடீர்க் குளுக்கோமாவுக்கு உரியவை. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் கோணம் அடைபட்டு, உள்ளே அமுக்கம் ஏறி, பார்வை நரம்பை நசுக்கும். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்கு, அதிலும் ஆசிய நாட்டுப் பெண்களுக்கு, இது கூடுதலாக வருகிறது. சில மணித்தியாலங்களுக்குள் மருந்து கொடுத்து அமுக்கத்தை இறக்கினால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தலைவலியோடு கண்ணும் சிவந்து பார்வையும் மங்கினால் அது பித்தமல்ல என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

உடனே போக வேண்டிய மற்ற அடையாளங்களைச் சொல்கிறேன்.

ஒரு கண்ணிலோ இரண்டிலுமோ பார்வை திடீரென்று போவது. வலி இல்லாவிட்டாலும் அவசரம்தான். விழித்திரைக்கு இரத்தம் கொண்டு போகும் நாடி அடைபட்டிருக்கலாம். சற்று நேரத்தில் பார்வை திரும்பி வந்தாலும் காட்ட வேண்டும். அது பாரிசவாதத்துக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

கண்ணுக்கு முன் புதிதாகக் கறுப்புப் புள்ளிகள் நிறையப் பறப்பது, மின்னல் வெட்டுவது, ஓரத்தில் திரை விழுவது போல் மறைப்பது. விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம். நடுப்பார்வை போவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தாலும் இப்படிப் புள்ளியும் மறைப்பும் வரும்.

திடீரென்று எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, ஓர் இமை தொங்கிவிடுவது, அதோடு முகம் கோணுவது, பேச்சு குழறுவது. இது கண்ணை விட மூளையின் அவசரம்.

சிவந்த கண்ணோடு கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், விழியில் வெள்ளைப் புள்ளி. நெல் வெட்டும்போது தாளோ உமியோ கீறினால் பூஞ்சண கிருமி தொற்றி விழிவெண்படலத்தில் புண் வரலாம். கலேவெல, தம்புள்ளைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துத் தோழிகள் இதை வீட்டில் சொல்லுங்கள். கலியாண வீட்டுக்கு என்று கலர் கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடுவதும், அதோடு தூங்குவதும், குழாய்த் தண்ணீரில் கழுவி வைப்பதும் இதே புண்ணைக் கொண்டுவரும். லென்ஸ் போட்ட கண் சிவந்து வலித்தால் அதைக் கழற்றி, கையோடு வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

இமை வீங்கி, காய்ச்சலும் வந்து, கண்ணை அசைக்க வலிப்பது அல்லது கண் வெளியே தள்ளி நிற்பது. பிள்ளைகளுக்குப் பீனசத்திலிருந்து இது பரவும்.

கண்புரைச் சத்திரசிகிச்சை செய்த சில நாட்களுக்குள் வலியும் சிவப்பும் மங்கலும் கூடுவது. கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் அன்றே திரும்பிப் போக வேண்டும்.

பிறந்து ஒரு மாதத்துக்குள் குழந்தையின் கண் வீங்கிச் சீழ் வடிவது. இதுவும் அன்றே காட்ட வேண்டியது. குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிவது, அல்லது ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோக்களில் ஒரு கண் மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாக மின்னுவது. இரவோடு இரவாக ஓட வேண்டியதில்லை. ஆனால் அடுத்த மாதம் பார்ப்போம் என்று விடவும் கூடாது. விழித்திரைப் புற்றுநோயாக இருந்தால் உயிரையே பறிக்கும். நேரத்தோடு கண்டால் குணமாக்கலாம்.

எது காத்திருக்கலாம்?

எல்லாவற்றுக்கும் பயப்படத் தேவையில்லை. கண்கட்டி, அரிப்போடு நீர் வடியும் ஒவ்வாமை, பார்வை மங்காமல் பீளை தள்ளும் சாதாரண கண்நோய், இவற்றை மறுநாள் வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். வெண்விழியில் வலியில்லாமல் இரத்தத் திட்டு ஒன்று தெரிவது பார்க்கத்தான் பயங்கரம். அடி எதுவும் படாமல், பார்வையும் நன்றாக இருந்தால் அது பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் தானே மறையும். மெல்ல மெல்ல வரும் கண்புரைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் திகதி எடுத்துப் போகலாம்.

நான் மனதில் வைத்திருக்கும் கேள்விகள் நான்கு. பார்வை குறைந்ததா? கடும் வலியா? அடியோ திராவகமோ பட்டதா? திடீரென்று வந்ததா? ஒன்றுக்காவது ஆம் என்றால் காத்திருக்க வேண்டாம். ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்தால் பார்வை குறைந்ததா என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும்.

நம் வீட்டு வைத்தியங்கள்

மூத்தம்மா தாய்ப்பால் கேட்டது அன்பினால்தான். அவருடைய உம்மா அவருக்குச் செய்தது அது. ஆனால் தாய்ப்பால், தேன், பன்னீர் எதுவுமே கண்ணுக்குரிய முறையில் கிருமி நீக்கப்பட்டவை அல்ல. சுண்ணாம்பைக் கழுவும் அளவும் அவற்றில் இல்லை. எல்லாவற்றையும் விட, அவற்றைத் தேடும் நேரத்தில் கண் வெந்துகொண்டிருக்கிறது. கடையில் வாங்கும் சுர்மா சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதாகப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நோயுற்ற கண்ணுக்கும் சின்னப் பிள்ளையின் கண்ணுக்கும் அது வேண்டாம்.

அரபு மொழியில் கண் வைத்தியரைக் கஹ்ஹால் என்று அழைத்தார்கள். கண்ணுக்கு மையிடுபவர் என்பதே அச்சொல்லின் வேர். ஆனால் அவர்கள் மையோடு நின்றுவிடவில்லை. அம்மார் அல் மவ்ஸிலி ஆயிரம் வருடங்களுக்கு முன்பே கெய்ரோவில் இருந்துகொண்டு, துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். மார்க்கத்தின் பெயரால் வைத்தியத்தைத் தள்ளிப் போடுவது நம் முன்னோரின் வழியல்ல.

மற்றொன்று பார்மசி. முந்தி யாருக்கோ எழுதிய கண் மருந்தைக் காட்டி அதையே வாங்கி விடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அதில் ஸ்டெரொய்ட் இருந்தால் சிவப்பு உடனே குறையும். நோய் குணமானது போல் இருக்கும். உள்ளே புண்ணைப் பூஞ்சணம் தின்றுகொண்டிருக்கும்.

எங்கே போவது?

முதலில், உங்களுக்குக் கிட்டிய அரச வைத்தியசாலை. கண் வைத்தியர் அங்கே இல்லாவிட்டாலும் கழுவுவார்கள், மூடுவார்கள், வலிக்கு மருந்து கொடுப்பார்கள், கடிதத்தோடு மேலிடத்துக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். இரவானாலும் ஞாயிறானாலும் பெருநாளானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போகலாம். வெளிநோயாளர் வரிசையில் நம்பர் எடுத்துக்கொண்டு நிற்காமல், "கண்ணில் சுண்ணாம்பு பட்டது", "கண் பார்வை போய்விட்டது" என்று வாசலிலேயே சத்தமாகச் சொல்லுங்கள். வெட்கப்படும் இடமல்ல அது.

நம் மாவட்டத்தின் பெரிய வைத்தியசாலை மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை. உக்குவளை, ரத்தோட்டை, யட்டவத்தைப் பக்கத்தார் அங்கே போவது வழக்கம். வடக்கே இருப்பவர்களுக்குத் தம்புள்ளை ஆதார வைத்தியசாலை. அங்கிருந்து தேவையானவர்களைக் கண்டி தேசிய வைத்தியசாலையின் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள். மாத்தளையிலிருந்து கண்டி ஏறக்குறைய 26 கிலோமீற்றர். எல்லாவற்றுக்கும் மேலே கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. விக்டோரியா மகாராணியின் ஞாபகார்த்தமாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது அது.

வாகனம் இல்லையென்றால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுவதும் இயங்குகிறது. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

போகக் கூடாத இடங்களும் உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடை அவசரத்துக்குரிய இடமல்ல. பெரிய கண் வைத்தியருக்கு அடுத்த வியாழன் செனலிங் நம்பர் கிடைத்தது என்று திருப்திப்பட்டு வீட்டில் இருப்பதும் தவறு. வியாழன் வரும், பார்வை இருக்குமா?

போகும்போது எந்த நேரம் பட்டது, எவ்வளவு நேரம் கழுவினோம் என்பதைச் சொல்லுங்கள். பட்ட பொருளின் போத்தலையோ பையையோ கொண்டு போங்கள். பாவிக்கும் மருந்துகளும் கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும். நீரிழிவு, பிரசர் இருந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்றைச் சகோதரிகளுக்கும் உம்மாமாருக்கும் சொல்ல வேண்டும். "வாப்பா வரட்டும்", "அவர் கடை மூடி வரட்டும்" என்று நம் வீடுகளில் எத்தனை நோய்கள் காத்திருக்கின்றன! ஆண் வைத்தியர் என்றால் கூச்சம், கையில் காசில்லை, சிங்களம் தெரியாது, நோன்பு நேரம் என்று காரணங்கள் வரிசையாக வரும். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு நிறைவேற்ற மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. நிர்ப்பந்த நேரத்தில் ஆண் வைத்தியரிடம் காட்டவும் தடையில்லை. வாப்பாவுக்குப் போனில் சொல்லலாம், அவர் நேரே வைத்தியசாலைக்கு வரலாம். கண் யாருக்காகவும் காத்திருக்காது.

நமது நாடு உலகத்துக்குக் கண் கொடுத்த நாடு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கத்தை ஆரம்பித்தார். 1964இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாக விழிவெண்படலம் அனுப்பப்பட்டது. அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் இலங்கையரின் கண்ணால் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் தண்ணீரும் தைரியமும் பக்கத்தில் இருக்க, நம் வீட்டுப் பிள்ளை கண்ணை இழக்கக் கூடாது.

தம்பி இப்போது முதலாம் ஆண்டு. கிளினிக்கில் எழுத்துப் பலகையைக் காட்டினால் இடது கண்ணால் 6/6 வாசிக்கிறான். வலது கண் 6/12. அதாவது மற்றவர்களுக்குப் பன்னிரண்டு மீற்றரில் தெரிவது அவனுக்கு ஆறு மீற்றரில்தான் தெரியும். வகுப்பில் முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் விழியின் ஓரத்தில் மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஒரு சிறு புகை. மேசன் நானாவைத் தெருவில் கண்டால் அவன் இன்னும் ஓடி ஒளிகிறான். அவர் சிரிப்பார்.

மூத்தம்மா வெற்றிலையை விடவில்லை. சுண்ணாம்பை மட்டும் திருகு மூடி போட்ட கண்ணாடிப் போத்தலில் போட்டு, அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறார். அதை எடுக்க அவருக்கே கதிரை வேண்டும். ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் கூப்பிடுவார்.

இந்தக் கட்டுரையை இதழுக்குக் கொடுப்பதற்கு முன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்டியில் நான் சொல்லாமல் விட்ட மறு பாதி வரும் இடத்தில் என் குரல் தடுமாறியது. உம்மா தம்பியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அது அண்டைக்கே எனக்கு வெளங்கின மகள். எழுதுங்க. மத்த உம்மாமாரு படிக்கட்டும்" என்றார்.